குளிர்காலம் இல்லா நிலத்தில் குமிழச் செடிகளின் பூப்பு: நெய்யூர்ப் பகுதியை முன்வைத்து

முன்னுரை

மண்ணுக்குள் உணவைச் சேமித்து, ஒவ்வாப் பருவத்தை ஓய்வில் கழித்து, உரிய காலத்தில் மலரும் செடிகள் அனைத்தையும் வழக்குத் தமிழ் 'கிழங்கு' என்னும் ஒரே சொல்லால் சுட்டுகிறது. தாவரவியல் அவற்றைப் பகுத்துக் காண்கிறது. சதைப்பற்றான இலையடிகள் செதில்களாக அடுக்கப்பெற்றது குமிழம். தண்டே பருத்து அமைந்தவை கந்தம், கிழங்கு, மட்டநிலத்தண்டு ஆகியன. இவற்றின் பூப்பைக் குளிரோடு இணைத்து விளக்குவது மேலைநாட்டுத் தோட்டக்கலை மரபு. கன்னியாகுமரி மாவட்டம் கல்குளம் வட்டத்தில் அமைந்த நெய்யூருக்கு அவ்விளக்கம் எந்த அளவிற்குப் பொருந்தும் என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

குமிழத்தின் வளர்ச்சி

வெங்காயத்தை நெடுக்காக அறுத்தால் குமிழத்தின் அமைப்பு புலப்படும். அடியிலுள்ள தட்டையான பகுதியே குறுகிய தண்டாகும். அதன் கீழ்ப்புறத்தில் வேர்களும், மேற்புறத்தில் செதில்களும், நடுவில் நுனிமொட்டும் அமைகின்றன. செதில்களின் கக்கங்களில் சேய்க்குமிழங்கள் தோன்றுகின்றன. நுனிமொட்டு முதலில் இலைகளையே உருவாக்கும். போதிய உணவு சேர்ந்த பின்னரே அது பூவாக்கத்திற்கு மாறும். ஆகவே, சிறு குமிழம் இலைவிட்டும் பூவாதிருப்பது நோயன்று, இளமையே.

குளிர்நாட்டு முறைமை

துலிப்பின் இலைகள் கோடையில் வாடியபின், 17 முதல் 20 டிகிரி செல்சியசு வெப்பத்தில் குமிழத்தினுள்ளேயே பூவின் உறுப்புகள் உருவாகின்றன. அதன்பின் 9 டிகிரிக்கு உட்பட்ட குளிரில் ஏறத்தாழ 12 முதல் 16 வாரங்கள் இருந்தால்தான் பூத்தண்டு நீளும். குளிர் கிட்டாவிடில், உருவான பூ இலைகளுக்கிடையே குறுகிக் கருகிவிடும். வெப்பநிலைக்கும் பூவாக்கத்திற்கும் உள்ள இத்தொடர்பை நெதர்லாந்தின் வாகனிங்கன் நகரில் பிளாவ் என்னும் அறிஞர் 1920களில் விரிவாக ஆராய்ந்தார். இந்தியாவில் ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் இளவேனிலில் மலர்வதற்கும் காஷ்மீரின் பனிக்காலமே துணையாகிறது.

நெய்யூரின் பருவநிலை

நெய்யூர் வட அகலாங்கு 8 டிகிரியை ஒட்டியது. அங்கு ஆண்டின் நீண்ட பகலுக்கும் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மணி நேரமே. துலிப் வேண்டும் குளிர் எம்மாதத்திலும் இல்லை. மாறாக, தென்மேற்கு, வடகிழக்குப் பருவமழைகள் இரண்டும் அங்குப் பெய்கின்றன. இடையில் தை முதல் மாசி வரை மண் காய்கிறது. எனவே இந்நிலத்துச் செடிகளுக்கு ஈரமும் வறட்சியுமே முதன்மையான பருவக் குறிப்புகள்.

காந்தள் இதற்குத் தக்க சான்று. தமிழ்நாட்டின் மாநில மலரான இதன் நிலத்தடிப் பகுதி குமிழமன்று. இரு கவைகளாகப் பிரிந்த கிழங்கு. அவ்வடிவால் 'கலப்பைக்கிழங்கு' எனப் பெயர் பெற்றது. காய் முற்றியதும் கொடி மடியும். பழைய கிழங்கு சுருங்கும். அவ்வாண்டில் விளைந்த புதிய கிழங்கு ஓய்வு கொள்ளும். மழைக்குப்பின் கவையின் முனையிலுள்ள முளையிலிருந்து புதுத்தளிர் எழும். அகழும்போது அம்முனை ஒடிந்தால் அக்கவை முளைக்காது.

மெக்சிகோவிலிருந்து வந்த சம்பங்கியும் குளிரை எதிர்பார்ப்பதில்லை. 20 முதல் 30 டிகிரி வரையிலான வெப்பம் அதற்கு ஏற்றது. 40 டிகிரியைக் கடந்தால் பூத்தண்டு குறுகும். தமிழ்நாட்டில் ஜூன், ஜூலை மாதங்களில் நடப்படும் சம்பங்கி சுமார் மூன்று மாதங்களில் பூக்கத் தொடங்கும். 25 முதல் 30 கிராம் எடையுள்ள கிழங்குகளை, அகழ்ந்து ஒரு மாதம் கழித்து நடுமாறு பரிந்துரைக்கப்படுகிறது. ஒருமுறை பூத்த கிழங்கு மீண்டும் பூப்பதில்லை. அதன் பக்கக்கிழங்குகளே பருத்து அடுத்தடுத்த பூத்தண்டுகளைத் தருகின்றன.

முடிவுரை

குமிழச் செடிகளுக்கு ஓய்வு பொது. ஓய்வைக் கலைக்கும் காரணி நிலத்திற்கு நிலம் வேறுபடும். துலிப்பிற்குக் குளிர் செய்வதைக் காந்தளுக்கு மழை செய்கிறது. நெய்யூர்ப் பகுதியில் பூவாத சம்பங்கிக்குக் குளிரின்மையைக் காரணமாகக் கொள்வது பிழையாகும். கிழங்கின் எடை, நடுமுன் பெற்ற ஓய்வு, மழைநீர் தேங்காத வடிகால் ஆகியவையே முதலில் ஆராயத்தக்கவை. வேறுபட்ட உறுப்புகளை ஒரே சொல்லால் குறிக்காது குமிழம், கந்தம், கிழங்கு எனப் பகுத்து வழங்குவது, தமிழில் இத்துறையை ஆராய்வோர்க்கும் கற்பிப்போர்க்கும் தெளிவு தரும்.