விழுந்த இடமும் விழுத்திய இடமும்

கணனி சடுதியாக உறைந்து நின்றால் "சாமான் பழசு" என்போம், அல்லது "வைரஸ்" என்போம். இரண்டுமே விசாரணை தொடங்குமுன் அதை மூடிவிடுகிற பதில்கள். முன்னர் பௌதிகவியல் விரிவுரையாளனாகவும் இப்போது தொழிற்சாலைத் தொழிலாளியாகவும் இருக்கும் எனக்கு இதுபற்றிச் சொல்லக் கொஞ்சம் இருக்கிறது. லினக்ஸில் இருந்த ஒரு பிழையை உதாரணமாக எடுத்துக்கொள்வோம்.

புரொசெசர் வேலை செய்யும்போது செலவிடும் வலு பெரும்பாலும் மீடிறனுக்கும் மின்னழுத்தத்தின் வர்க்கத்துக்கும் விகிதசமமானது. மின்னழுத்தத்தை மட்டும் 20 வீதம் குறைத்தாலே இவ்வலு 36 வீதம் குறையும். ஆனால் மின்னழுத்தத்தை இறக்கினால் மீடிறனையும் இறக்க வேண்டும். எனவே வேலை குறைந்த நேரத்தில் இரண்டையும் இறக்கி, வேலை வந்ததும் ஏற்றுகிறார்கள். லினக்ஸின் கேர்னலில் இதற்கென ஒரு பகுதி உண்டு. சில்லின் வகைக்கேற்ப ஒரு ட்ரைவர் அதன்கீழ் இயங்கும். ஒன்றாக ஏறி இறங்கும் கோர்களை ஒரு குழுவாக்கி, குழுவுக்கு ஒரு பதிவேடு வைக்கப்படுகிறது.

2025இல் ஆப்பிள் சில்லுகளுக்கான லினக்ஸ் ட்ரைவரிலும் வேறு சில ட்ரைவர்களிலும் ஒரேவகைப் பிழை திருத்தப்பட்டது. "இந்தக் கோரின் தற்போதைய மீடிறன் என்ன?" என்று கேட்டால் ட்ரைவர் முதலில் அக்கோரின் பதிவேட்டைத் தேடும். கணனி ஓடும்போதே ஒரு கோரை நிறுத்தி வைக்கலாம். அப்போது அது பதிவேட்டிலிருந்து நீங்கிவிடும். தேடியவருக்குக் கிடைப்பது வெறுமை, அதாவது பூச்சியம் என்ற முகவரி. ட்ரைவரோ அதைச் சோதிக்காமல், பதிவேடு கிடைத்துவிட்டதாகக் கருதி உள்ளே வாசிக்கப் போகிறது.

சாதாரணச் செய்நிரல் இப்படிச் செய்தால் கேர்னல் அதை மட்டும் நிறுத்திவிடும். கேர்னலே செய்தால் அதற்கு மேலே எவருமில்லை. சிலவேளை தப்பும், சிலவேளை முழுக் கணனியும் நிற்கும்.

அவ்வேளை கேர்னல் எழுதும் அறிக்கையை 'ஊப்ஸ்' என்பார்கள். அதில் மூன்று விடயங்களைப் பார்க்க வேண்டும். முதலாவது, தொடப்போன முகவரி. அது பூச்சியத்தை அண்டிய சிறிய எண்ணாக இருந்தால், வெறுமையைப் பதிவேடென்று நம்பியிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம். இரண்டாவது, எந்தக் கட்டளையில் விழுந்தது என்பது. மூன்றாவது, யார் யாரை அழைத்து இவ்விடத்துக்கு வந்தார்கள் என்ற வரிசை. முந்திய பதிப்பு ஒழுங்காக ஓடியிருந்தால் இன்னொரு வழியும் உண்டு. இடையில் 1000 மாற்றங்கள் நடந்திருந்தாலும், நடுவில் வெட்டி வெட்டிச் சோதித்தால் ஏறத்தாழ 10 சோதனைகளில் குற்றவாளி அகப்படும்.

பலர் இரண்டாவதுடன் நின்றுவிடுகிறார்கள். நான் வேலை செய்யும் இடத்திலும் இதுதான் வழக்கம். பெல்ற் நின்றால் அவ்வேளை அதனருகே நின்றவனின் பெயர்தான் அறிக்கையில் ஏறும். முதல்நாள் எண்ணெய் விடாமல் விட்டது யார், எண்ணெய் வாங்கும் செலவை வெட்டியது யார் என்ற வரிசை எழுதப்படுவதில்லை. அருகே நிற்பவன் அநேகமாக எங்களைப்போன்ற அகதிதான்.

மேற்சொன்ன ட்ரைவருக்குச் செய்த திருத்தம் மிகச் சிறியது: பதிவேடு இல்லையென்றால் பூச்சியத்தைப் பதிலாகக் கொடுத்துத் திரும்பு. கணனி இனி விழாது. ஆனால் நிறுத்தி வைத்த கோரைப்பற்றி ஒருவர் ஏன் கேட்டார் என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. விழாமல் தடுப்பது வேறு, காரணத்தைக் காண்பது வேறு. முதலாவது அவசரத் தேவை. அதைச் செய்துவிட்டு இரண்டாவதைக் கைவிடுவதைத்தான் நான் மறுக்கிறேன்.

இந்நாட்டில் எனது பட்டங்களுக்குப் பெறுமதியில்லை. ஆனால் லினக்ஸின் மூலநிரலை வாசிக்க எவரும் பட்டம் கேட்பதில்லை. இரவு வேலை முடிந்து வந்தும் அதை வாசிக்கலாம். கணனி படிக்கும் எமது பிள்ளைகள், விற்பனைக்கு வரும் செய்நிரல்களை இயக்கப் பழகுவதோடு நின்றுவிடாமல் இதையும் திறந்து பார்க்க வேண்டும். எங்கே விழுந்தது என்று அறிக்கை சொல்லும். ஏன் விழுந்தது என்பதை அவர்கள்தான் தேட வேண்டும்.