‘டக்’ சத்தம் கேட்டதும் வலி ஏன் குறைகிறது?

நாற்காலியிலிருந்து எழும்போது இடுப்புக்குப் பின்னால் ஒரு பக்கமாகச் சுரீரென்கிறதா? வலிக்கும் இடத்தை ஒரே விரலால் தொட்டுக் காட்ட முடிகிறதா? முதுகுத்தண்டின் அடியிலுள்ள முக்கோண எலும்பும் இடுப்பெலும்பும் சேரும் சாக்ரோஇலியாக் மூட்டு காரணமாக இருக்கலாம்.

பிசியோதெரபிஸ்ட் உங்களை ஒருக்களித்துப் படுக்கவைப்பார். மேல்காலை மடக்கி, தோளை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, இடுப்பைச் சட்டென்று அழுத்துவார். ‘டக்’ என்று சத்தம். பலருக்கு வலி குறையும். விலகிய எலும்பு இடத்தில் உட்கார்ந்துவிட்டது என்றே நம்புகிறோம். அது தவறு. தடித்த தசைநார்கள் இறுக்கிக் கட்டிய இந்த மூட்டு சில டிகிரிக்கு மேல் அசையாது. 1998இல் ஸ்வீடன் மருத்துவர்கள் 10 நோயாளிகளுக்கு, அழுத்துவதற்கு முன்னும் பின்னும் எலும்பின் நிலையை எக்ஸ்ரே மூலம் நுட்பமாக அளந்தார்கள். எலும்பு இடம் மாறவே இல்லை!

பிறகு வலி எப்படிக் குறைகிறது? அந்தத் திடீர் இழுவை மூட்டைச் சுற்றியுள்ள நரம்பு முனைகளைத் தூண்டுகிறது. தண்டுவடத்தில் வலிச்செய்தி மட்டுப்படுகிறது. இறுகிய தசை தளர்கிறது. இதுதான் இன்றைய விளக்கம். நிம்மதி பெரும்பாலும் தற்காலிகம்தான். அதற்குள் இடுப்பு, புட்டத் தசைகளுக்கான பயிற்சியைத் தொடங்கிவிட வேண்டும்.

இளம் வயதில், தினமும் காலையில் அரை மணிக்கு மேல் இடுப்பு விறைத்திருந்தால், முதலில் மூட்டுவாத மருத்துவரைப் பாருங்கள்.