கப்பலில் எந்தப் பக்கம் அறை எடுப்பது?

பள்ளி விடுமுறைக்குப் போர்ட் கிள்ளானிலிருந்து உல்லாசக் கப்பலில் போகலாம் என்று வீட்டில் பேச்சு எழுந்தால், முதலில் விலையைத்தான் விசாரிப்போம். சன்னல் இல்லாத அறையைவிடப் பால்கனி அறைக்குப் பணம் அதிகம். அப்படிக் கூடுதலாகக் கொடுத்தும் பால்கனியில் இருட்டும் வெயிலும்தான் கிடைத்தால் யாருக்கும் மனம் ஆறாது. இதை அதிர்ஷ்டத்திடம் விட வேண்டியதில்லை, மாணவர்களே. பள்ளியில் படித்த புவியியலே போதும்.

முதலில் பெயர்களைத் தெரிந்துகொள்வோம். கப்பலின் முன்பக்கத்தைப் பார்த்து நின்றால் இடப்பக்கம் ‘போர்ட்’, வலப்பக்கம் ‘ஸ்டார்போர்ட்’. நாம் எப்படித் திரும்பி நின்றாலும் இப்பெயர்கள் மாறுவதில்லை. இரவில் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும்.

இனி வரைபடத்தை விரியுங்கள். மலாக்கா நீரிணை வடமேற்கிலிருந்து தென்கிழக்காகச் சாய்ந்து கிடக்கிறது. அதன் ஒரு பக்கம் நம் தீபகற்பம், மறுபக்கம் சுமத்ரா. பினாங்கு, லங்காவி, புக்கெட் என்று வடக்கே போனால் நம் கரை வலப்பக்கம் வரும். தெற்கே சிங்கப்பூருக்குப் போனால் அதே கரை இடப்பக்கம்.

அப்படியானால் கரைப் பக்கமே எடுத்துவிடலாமா? அவசரம் வேண்டாம், நேரத்தையும் பாருங்கள். இங்கே இரவு 7.30 மணிக்குள் சூரியன் மறைந்துவிடும். கப்பல் மாலையில் கிளம்பினால், பிறகு கரையில் விளக்குப் புள்ளிகள் மட்டுமே தெரியும். பகலிலும் சிலாங்கூர் கரை பெரும்பாலும் தாழ்ந்த சதுப்புநிலக் காடுதான். தூரத்திலிருந்து பார்த்தால் ஒரு பச்சைக் கோடு.

வடக்கே போகும் கப்பலில் சூரியன் மறைவது இடப்பக்கம், மறுநாள் உதிப்பது வலப்பக்கம். திரும்பி வரும்போது இது அப்படியே தலைகீழாகும். எனவே போய் வரும் பயணத்தில் இரு பக்க அறைகளுக்கும் சூரியன் ஒரே அளவுதான் பங்கு வைக்கிறது. முடிவு செய்ய வேண்டியது வேறொன்று: பயண அட்டவணையில் கப்பல் பகலில் ஓடும் பகுதி எது? அங்கே தீவுகளும் கரையும் எந்தப் பக்கமோ, அந்தப் பக்கமே உங்கள் அறை. பிற்பகல் வெயில் சுமத்ராவைப் பார்த்த பால்கனியில்தான் விழும் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

கப்பல்களை வேடிக்கை பார்ப்பதில் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு குறிப்பு. போர்ட் கிள்ளானுக்கு எதிரே கடலில் உள்ள ஒன் ஃபேதம் பேங்க் தொடங்கி சிங்கப்பூர் வரை, கப்பல்கள் போகவும் வரவும் தனித்தனித் தடங்கள் வகுக்கப்பட்டுள்ளன. நம் சாலையில் இடப்பக்கம் ஓட்டுகிறோம், கடலில் வலப்பக்கம். ஆகவே எதிரே வரும் சரக்குக் கப்பல்கள் நமக்கு இடப்பக்கமாகவே கடந்து போகும்.

அறை எண்ணில் ஒற்றைப்படை எந்தப் பக்கம், இரட்டைப்படை எந்தப் பக்கம் என்பது எல்லா நிறுவனங்களிலும் ஒன்றுபோல் இருக்காது. பணம் கட்டும் முன் தள வரைபடத்தைக் கேட்டுப் பாருங்கள். உயிர்காப்புப் படகு சன்னலை மறைக்கிறதா என்பதும் அதில் தெரியும்.

இதே நீரிணை வழியாகத்தான் ‘ரஜூலா’ கப்பல் சென்னையிலிருந்தும் நாகப்பட்டினத்திலிருந்தும் நம் முன்னோரைப் பினாங்குக்கும், போர்ட் சுவெட்டன்ஹாம் என்றழைக்கப்பட்ட இன்றைய போர்ட் கிள்ளானுக்கும் கொண்டு வந்தது. அவர்களில் பெரும்பாலோர் தளத்துப் பயணிகள். அறையே இல்லாதவர்களுக்குப் பக்கம் பார்த்து எடுக்கும் வசதி ஏது?

பெரிய கப்பலுக்குக் காத்திராமல் இதைப் பழகிப் பார்க்கலாம். பிரிக்பீல்ட்ஸை ஒட்டிய கேஎல் சென்ட்ரலில் கொம்யூட்டர் ஏறிக் கடைசி நிலையமான போர்ட் கிள்ளானில் இறங்குங்கள். அங்கிருந்து புலாவ் கேத்தாமுக்குப் படகு உண்டு. ஏறுவதற்கு முன் வரைபடத்தையும் கடிகாரத்தையும் பார்த்து, வெயில் எந்தப் பக்கம், நிழல் எந்தப் பக்கம் என்று எழுதி வையுங்கள். உட்கார்ந்த பிறகு சரிபாருங்கள்.