சாடியில் விளையும் வத்தகை

வத்தகைக் கொடி நெடுந்தூரம் படரும் இயல்பினது. ஆதலின், வளவில்லாத வீட்டார் அதனைத் தமக்கு எட்டாத பயிரென்று கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. 40 லீற்றருக்குக் குறையாது மண் கொள்வதும் அடியிலே துளைகள் உடையதுமான சாடியொன்றில், ‘சுகர் பேபி’ போன்ற சிறுகாய் இனத்தின் ஒரு கொடி செவ்வனே வாழும். நல்ல வெயிலும், எருக் கலந்த இளகிய மண்ணும், கொடியேறப் பந்தலும் வேண்டும்.

தழைத்துப் பூத்த கொடி காய் பிடியாமையே பலரும் அடையும் ஏமாற்றமாகும். இதற்கு மண் மாத்திரம் காரணமன்று. வத்தகையில் ஆண்பூ வேறு, பெண்பூ வேறு; மகரந்தத்தைக் கொண்டு சேர்ப்பது தேனீ. மாடியிலே தேனீ வாராவிடின் அப்பணியை மனிதனே ஆற்றுதல் வேண்டும். அடியிலே சிறு பிஞ்சு போன்ற சூலகம் உடையது பெண்பூ. பூக்கள் காலையில் விரிந்து பிற்பகலிற் குவிவன. ஆதலின், காலையிலேயே ஆண்பூவைக் கொய்து, இதழ்களை நீக்கி, மகரந்தத்தைப் பெண்பூவின் நடுவிலுள்ள சூல்முடியில் மெல்லத் தடவுக.

பழத்தில் நூற்றுக்கு ஏறத்தாழ 92 பங்கு நீரே. சாடி மண்ணோ விரைவில் உலர்வது. உலரவிட்டுப் பின் ஒருங்கே மிகுதியாக நீர் ஊற்றிற் காய் வெடிக்கும். ஆகவே அளவோடு நாடோறும் ஊற்றுக. கொடிக்கு ஒன்றிரண்டு காய்களே போதும். அவற்றை வலைப்பையால் தாங்குதல் நன்று. விதைத்து 75 முதல் 85 நாட்களில், காம்பை அடுத்த சுருள் தந்து காய்ந்ததும் பழம் கொய்யலாம். முந்திக் கொய்தது பின்னர் இனிப்பேறாது.

நிலத்திலே இயற்கை செய்வதைச் சாடியிலே கை செய்கின்றது. அதனை அறிந்தார்க்கு வளவின்மை பெருங்குறையன்று.