பூனைக்குத் தெள்ளுப்பூச்சி மருந்து: எதை வாங்கலாம், எதைத் தொடவே கூடாது?

நாய்க்கு வாங்கிய சொட்டு மருந்து கொஞ்சம் மிச்சம் இருக்கு, பூனைக்கும் ரெண்டு சொட்டு விட்டா என்ன? இந்த யோசனைதான் ஆபத்து. நாய்களுக்கான சில மருந்துகளில் பெர்மெத்ரின் இருக்கும். அதைச் சிதைத்து வெளியேற்றும் திறன் பூனையின் கல்லீரலுக்கு மிகக் குறைவு. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரையே பறிக்கலாம். மருந்து காயாத நாயோடு ஒட்டிப் படுத்தாலும் பாதிக்கும். பட்டுவிட்டால், 'சரியாகிடும்' என்று காத்திருக்காமல் உடனே கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான்.

பூனைக்கென்றே வருபவற்றில் பிப்ரோனில், தெள்ளுப்பூச்சியோடு உண்ணியையும் கொல்லும். வெளியே சுற்றும் பூனைக்கு அது சரி. இமிடாக்ளோபிரிட் தெள்ளுப்பூச்சியை வேகமாகக் கொன்றாலும், தனியாகப் போட்டால் உண்ணியிடம் எடுபடாது. வாசல் தாண்டாத பூனைக்கு அதுவே போதும். எந்நேரமும் காதைச் சொறியும் பூனையா? செலாமெக்டின் கேட்டுப் பாருங்கள். காதுக்குள் இருக்கும் சிற்றுண்ணி, வயிற்றின் உருண்டைப் புழு வரை பார்த்துக்கொள்ளும். இவை மூன்றும் மாதம் ஒருமுறை. குட்டியின் வயது, எடை பார்த்துத்தான் அளவு.

மருந்தைப் பிடரியின் மேல்பக்கம், முடியை விலக்கித் தோலில் விட வேண்டும். பூனையின் நாக்கு எட்டாத இடம் அதுதான்.

'போட்டும் பூச்சி போகலையே' என்பவர்கள் மருந்தை மாற்றுவதற்கு முன் மிதியடியையும் சோபா இடுக்கையும் பார்க்கட்டும். கூட்டுக்குள் இருக்கும் பூச்சியை மருந்து தொடாது. அது வாரக்கணக்கில் காத்திருந்து வெளியே வரும். படுக்கைத் துணியை வெந்நீரில் அலசி, தரையை அடிக்கடி வேக்கூம் செய்து, வீட்டிலுள்ள எல்லாப் பூனைக்கும் ஒரே நாளில் மருந்து போட்டு, மூன்று மாதமாவது விடாமல் தொடர வேண்டும்.