பிள்ளையின் எடையும் வீட்டாரின் வாய்ச்சொல்லும்

வைகாசிச் சடங்குக்கு மட்டக்களப்பு வந்தாறுமூலைக்கு வரும் உறவினர்கள், வளவுக்குள் கால் வைத்ததுமே பிள்ளைகளின் உடம்பைப் பற்றித்தான் கேட்பார்கள். "என்ன புள்ள, இப்பிடிக் கொழுத்துப்போனாய்? நாளைக்கு ஆரு உன்னக் கட்டுற?" கேட்பவருக்கு அது பாசம். பதினான்கு வயதுப் பிள்ளையோ சிரித்து மழுப்பிவிட்டு அறைக்குள் போய்விடும். இப்படிக் கேட்டுக் கேட்டு, பிறகு யாரும் சொல்லாமலே "நான் அசிங்கம், வாயைக் கட்டத் தெரியாதவள்" என்று தானே நம்பத் தொடங்கிவிடும். எடை குறைக்க விரும்பும் பிள்ளையிடம் முதலில் கவனிக்கவேண்டியது இந்த நம்பிக்கையை.

ரோசம் வந்தால் மெலியுமா?

"நாலு பேர் சொன்னால்தான் ரோசம் வரும்" என்று பெற்றோர் பலர் நினைக்கிறார்கள். நடப்பது நேர்மாறு. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் பதின்ம வயதினரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்த ஆய்வொன்று 2017இல் வெளியானது. எடைக்காகக் கேலிக்கு ஆளானவர்களுக்கு, வளர்ந்தபின் உடற்பருமன் வரும் வாய்ப்புக் கூடுதலாக இருந்தது. ஆண்களில் நண்பர்களின் கேலியும், பெண்களில் அதோடு வீட்டாரின் கேலியும் இப்படிப் பாதித்திருந்தன.

வெட்கப்படும் பிள்ளை காலைச் சாப்பாட்டை விடுகிறது. இடைவேளையில் கேன்டீன் பக்கம் போவதில்லை. டியூஷன் முடிந்து வீடு வந்ததும் பசி பொறுக்காமல், எல்லோரும் படுத்தபின் மிக்சரும் பிஸ்கட்டும் மிஞ்சிய சோறும் வயிறு முட்டப் போகின்றன. விடிந்ததும் குற்றவுணர்வு, மறுபடி பட்டினி. ஓடினால் உடம்பு குலுங்குவதைப் பார்ப்பார்களே என்று இல்ல விளையாட்டுப் போட்டிக்கும் பெயர் கொடுப்பதில்லை. இதைச் சோம்பல் என்று ஏசுவது பெரிய அநியாயம்.

கழுத்தில் இருப்பது ஊத்தையல்ல

எடை கூடிய சில பிள்ளைகளுக்குப் பின்கழுத்திலும் கமுக்கட்டிலும் தோல் தடித்துக் கறுக்கும். அம்மா தேசிக்காய்ப் பாதியால் அழுத்தித் தேய்ப்பார். தோல் எரியும், கறுப்புப் போகாது. "ஒழுங்காகக் குளிக்கிறாயில்லை" என்ற ஏச்சும் சேர்ந்துகொள்ளும். இன்சுலின் சரியாக வேலை செய்யாமல் உடல் அதைக் கூடுதலாகச் சுரக்கும்போது பெரும்பாலும் இப்படி வருகிறது. தேய்ப்பதை நிறுத்திவிட்டு வைத்தியரிடம் காட்டுங்கள். மாதவிடாய் பல மாதம் தள்ளிப்போனாலும் அப்படியே. பரம்பரை, நித்திரைக் குறைவு, சில மருந்துகள் என எடைக்குக் காரணங்கள் பல உண்டு. பிள்ளைக்கு இதை விளக்கிச் சொன்னால், பழி முழுவதையும் தன் தலையில் போட்டுக்கொள்ளாது.

வீட்டில் மாறவேண்டியவை

அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 2016இல் தந்த அறிவுரை நம் வீடுகளுக்கும் பொருந்தும்: பட்டினி வேண்டாம், எடைப் பேச்சு வேண்டாம், குடும்பமாக இருந்து சாப்பிடுங்கள். அண்ணனுக்குப் பொரியலும் தங்கைக்கு அவித்த மரக்கறியும் வைத்தால் அது தண்டனையாகிவிடும். சிவப்பரிசிச் சோறு, வாவி மீன் குழம்பு, கீரை என்று எல்லோருக்கும் ஒரே சாப்பாடு இருக்கட்டும். தேத்தண்ணிக்குச் சீனி குறைப்பதையும் அப்பாவிலிருந்தே தொடங்கலாம். வளரும் வயதில் பல பிள்ளைகளுக்கு எடை குறையவேண்டும் என்றுகூட இல்லை. எடை ஏறாமல் நிற்க, உயரம் கூடினாலே போதும். எது பொருத்தம் என்பதை வைத்தியர் சொல்வார்.

பாடசாலையிலும் கவனம் வேண்டும்: மருத்துவப் பரிசோதனையில் எடையைச் சத்தமாக வாசிக்காதீர்கள். மெலிந்த பிள்ளையை "ஈர்க்குச்சி" என்று அழைப்பதும் இதே காயத்தைத்தான் தரும்.

எப்போது உதவி தேடுவது?

சாப்பிட்டபின் வாந்தி எடுப்பது, ஒளித்துச் சாப்பிடுவது, கடையில் மெலிவு மாத்திரை வாங்குவது, பள்ளிக்கூடம் போக மறுப்பது ஆகியவற்றில் ஒன்று தென்பட்டாலும் பொறுத்திருக்க வேண்டாம். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்லலாம். சாக வேண்டும்போல் இருக்கிறது என்று பிள்ளை சொன்னால் தனியே விடாமல் உடனே கொண்டுபோங்கள். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 இலக்கத்துக்கும் பேசலாம். வைத்தியரிடம் போகும்போது "இவள் சொல்வழி கேட்கிறாள் இல்லை" என்று தொடங்காமல், சிறிது நேரம் வெளியே இருந்து பிள்ளையைத் தனியாகப் பேச விடுங்கள்.