49 ஓட்டு... 5 வருஷ வழக்கு! தேர்தல் மீதான நம்பிக்கை எங்கே உடையுது?

கடலூர் மாவட்டம் நெய்வேலியில் 2021 சட்டமன்றத் தேர்தலில் வெற்றி வித்தியாசம் வெறும் 977 ஓட்டு. இவ்வளவு நெருக்கமா முடிவு வந்தா, தோத்த தரப்பு அதை எப்படி நம்பும்?

ராதாபுரத்தில் என்ன நடந்தது?

2016-ல் அதிமுகவின் இன்பதுரை 49 வாக்குகளில் வென்றார். 203 தபால் வாக்குகள் செல்லாதவை என ஒதுக்கப்பட்டதை எதிர்த்து, திமுகவின் அப்பாவு வழக்குப் போட்டார். சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2019 அக்டோபரில் மறு எண்ணிக்கை நடந்தது. ஆனால் முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. 2021-ல் பதவிக்காலமே முடிஞ்சுபோச்சு. முடிவு மட்டும் வரலை.

அமெரிக்காவில்?

நேர் எதிர். 2020 அதிபர் தேர்தலை எதிர்த்த 60-க்கும் மேற்பட்ட வழக்குகளில் பெரும்பாலானவை சில வாரங்களிலேயே தோற்றன. ஆனாலும் டிரம்ப் ஆதரவாளர்கள் 2021 ஜனவரி 6-ல் நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்தார்கள். தீர்ப்பைவிட தலைவர் சொன்னதுதான் அவங்களுக்குப் பெருசா தெரிஞ்சது.

நமக்கு என்ன பாடம்?

அங்கே தீர்ப்பு வந்தும் நம்பிக்கை வரலை. இங்கே நம்பிக் காத்திருந்தும் தீர்ப்பு வரலை. தேர்தல் வழக்கை 6 மாதத்துக்குள் முடிக்க முயற்சி செய்யணும்னு 1951-ன் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டமே சொல்லுது. அது நடந்தாலே, வரிசையில் நின்னு ஓட்டுப் போட்டவங்களோட சந்தேகம் பாதி குறையும்.